திரை உடைந்த லேப்டாப்பும் அழியாத கணக்கும்

பழைய பேரேட்டை அப்படியே எடைக்குப் போடுகிற வியாபாரி நம் பகுதியில் இல்லை. கணக்கு முடிந்து பல வருடங்கள் கடந்திருந்தாலும், அட்டையைக் கிழித்துத் தாள்களை அடுப்பில் வைத்த பிறகுதான் மனம் ஆறும். யாருக்கு எவ்வளவு முன்பணம் கொடுத்தோம், யார் எத்தனை வருடம் இழுத்தார், எந்தச் சரக்கில் நமக்கு என்ன நின்றது என்பதெல்லாம் ஊர் பார்க்கக் கிடக்கக் கூடாது என்பது பெரியவர்கள் நமக்குச் சொல்லிக் கொடுத்தது. அதே கணக்கு லேப்டாப்பில் இருந்து, அதன் திரை உடைந்துவிட்டால் மட்டும், "இனி இதில் ஒன்றும் தெரியாது" என்று எடைத்தட்டில் வைக்கத் துணிந்துவிடுகிறோம். நாங்களும் அப்படித் துணிந்தவர்கள்தாம். ஆகவே இதை எழுதுகிறோம்.

பண்ணைக்காட்டில் எங்களுடையது சிறிய கடை. கீழ்மலைத் தோட்டங்களிலிருந்து வாழை, காபி, மிளகு, பருவத்தில் ஆரஞ்சு, பட்டர்ப்ரூட் ஆகியவற்றை வாங்கி வத்தலக்குண்டுக்கும் திண்டுக்கல்லுக்கும் அனுப்புகிறோம். கணக்குக்கு இருந்தது ஒரு பழைய லேப்டாப். 2011 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், எங்கள் வீட்டுப் பிள்ளை பிளஸ் டூ படிக்கையில் வாங்கி வந்தது. படிப்பு முடிந்ததும் அது கடைக்கு வந்துவிட்டது. கீழ்மலைக் கடைகள் பலவற்றில் கம்ப்யூட்டர் வந்த கதை இதுதான் என்பது உறுப்பினர்களுக்குத் தெரியும். அதில் டேலி போட்டோம். பில் போட்டோம். விவசாயிகளுக்குப் பணம் வங்கி வழியாகப் போக ஆரம்பித்த பிறகு அவர்களது பாஸ்புக் முதல் பக்கம், ஆதார் நகல் எல்லாவற்றையும் படம் பிடித்து அதிலேயே ஏற்றி வைத்தோம்.

ஒரு நாள் அடுக்கிலிருந்து மிளகு மூட்டை ஒன்று சரிந்து லேப்டாப்பின் மேல் விழுந்தது. திரையில் சிலந்தி வலை போல விரிசல், பிறகு முழுக் கறுப்பு. புதிய திரை போட ஆகும் செலவைக் கேட்டதும், அந்தப் பணத்துக்கு இன்னும் கொஞ்சம் சேர்த்துப் புதிதே வாங்கிவிடலாம் என்று முடிவாயிற்று. பழையது ஆறு மாதம் பெஞ்சுக்கு அடியில் கிடந்தது. பழைய சாமான் எடுப்பவர் வந்த அன்று, அட்டைப் பெட்டிகளோடு அதையும் கடைப் பையன் எடுத்து வைத்தான். "திரை போச்சுன்னா வேற என்ன இருக்கு முதலாளி, எடைக்குத்தான்" என்றார் அவர். மொத்தத்துக்கும் சேர்த்து முந்நூறு ரூபாய் பேசி முடித்தாயிற்று.

அந்த நேரம் கணக்குப் பார்க்க வந்திருந்த ஒரு வாழை விவசாயி எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, எம் பாஸ்புக்கு, ஆதாரெல்லாம் இதுலதான ஏத்துனீங்க?" என்று கேட்டார். அவர் குற்றமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எங்களுக்குத்தான் பதில் வரவில்லை. மகள் கல்யாணத்துக்கு அவர் வாங்கிய முன்பணமும், அது மூன்று தவணையாகக் கழிந்த விவரமும்கூட அதில்தான் இருந்தது. லேப்டாப்பைத் திரும்ப எடுத்து உள்ளே வைத்தோம். பழைய சாமான்காரருக்குக் கொஞ்சம் வருத்தம்.

எடைக்குப் போட்டதோடு ஒரு பொருள் முடிந்துவிடுவதில்லை என்பதை நம் மலை மற்ற ஊர்களைவிட நன்றாகவே அறியும். 1980களில் அமெரிக்காவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்டுக் கொடைக்கானலில் நடந்துவந்த தெர்மாமீட்டர் ஆலை, பின்னாளில் இந்துஸ்தான் லீவர் வசமானது. 2001 மார்ச்சில் அந்த ஆலையிலிருந்து வந்த உடைந்த கண்ணாடிக் கழிவு, பாதரசத்தோடு, மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய இரும்புக் கடையில் மூட்டை மூட்டையாகக் கிடந்தது வெளியே வந்தது. ஆலை அந்த மாதமே மூடப்பட்டது. உடைந்த கண்ணாடிதானே என்று வெளியே போனது உள்ளே என்ன வைத்திருந்தது என்பதுதான் அங்கே பிரச்சினை. லேப்டாப் விஷயத்திலும் கேட்க வேண்டிய கேள்வி அதுவே.

திரை வேறு, பெட்டகம் வேறு

லேப்டாப்பில் திரை என்பது கணக்கைக் காட்டும் கண்ணாடி மட்டுமே. கணக்கு இருப்பது அடியில் உள்ள ஹார்ட் டிஸ்க்கில், அல்லது புதிய இயந்திரமானால் எஸ்.எஸ்.டி. எனப்படும் சில்லுப் பெட்டகத்தில். கடை முகப்புக் கண்ணாடி உடைந்தால் உள்ளே இருக்கும் இரும்புப் பெட்டி காலியாகிவிடுமா? அதைப் போலத்தான். அந்த டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கம்ப்யூட்டரில் செருகினால், நம் பாஸ்வேர்டு தெரியாமலேயே எல்லாக் கோப்பும் திறக்கும். விண்டோஸ் கேட்கும் பாஸ்வேர்டு வாசலில் நிற்கும் காவல்காரர் மாதிரி. டிஸ்க்கைக் கழற்றுகிறவர் வாசல் வழியாக வருவதில்லை.

உடைந்தது, எரிந்தது, நனைந்தது எல்லாம் அழிந்தது ஆகாது என்பதற்கு ஒரு பெரிய உதாரணம் உண்டு. 2003 பிப்ரவரி 1 அன்று அமெரிக்காவின் கொலம்பியா விண்கலம் பூமிக்குத் திரும்பும்போது வானத்தில் சிதறியது. அதிலிருந்த ஹார்ட் டிஸ்க் ஒன்று சில மாதங்கள் கழித்துக் காய்ந்த ஏரிப்படுகையில் கருகிய கட்டியாகக் கிடைத்தது. தரவு மீட்கும் நிறுவனம் ஒன்று அதைத் திறந்து, சுத்தம் செய்து, அதிலிருந்த விவரத்தில் சுமார் 99 சதவீதத்தை மீட்டது. விண்ணிலிருந்து எரிந்து விழுந்த டிஸ்க்கிலேயே அவ்வளவு மிஞ்சியது என்றால், மிளகு மூட்டை விழுந்த லேப்டாப்பில் என்ன போயிருக்கும்?

அடுத்தது, நாமே "டெலிட்" செய்துவிட்டோமே என்ற தைரியம். இதைப் பேரேட்டை வைத்தே சொல்கிறோம். பேரேட்டின் முன்பக்கத்தில் பெயர்க்குறிப்பு எழுதுவோம்: இன்னார், பக்கம் 47. கம்ப்யூட்டரில் ஒரு கோப்பை டெலிட் செய்து, குப்பைத் தொட்டியையும் காலி செய்தால், நடப்பது அந்தக் குறிப்பு வரியை அடிப்பது மட்டும்தான். "47ஆம் பக்கம் காலி, வேண்டுமானால் எழுதிக்கொள்ளலாம்" என்று அது குறித்துக்கொள்கிறது. 47ஆம் பக்கத்தில் எழுதியது அப்படியே இருக்கிறது. வேறு எதையாவது அதன் மேல் எழுதும்வரை இருக்கும். "குவிக் ஃபார்மட்" என்பது முன்பக்கக் குறிப்பு முழுவதையும் கிழித்துப் போடுவது. அப்போதும் உள்ளே உள்ள பக்கங்களை ஒன்றும் செய்வதில்லை. இப்படிக் குறிப்பு போன கோப்புகளைத் தேடி எடுக்கும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. அமெரிக்காவில் கார்ஃபிங்கெல், ஷெலாட் என்ற இரண்டு ஆராய்ச்சி மாணவர்கள் 2000க்கும் 2002க்கும் இடையில் பழைய ஹார்ட் டிஸ்க்குகள் 158ஐ விலைக்கு வாங்கிப் பார்த்தார்கள். ஓடும் நிலையில் இருந்தவை 129. அவற்றில் ஒழுங்காகத் துடைக்கப்பட்டிருந்தவை 12 மட்டுமே. மற்றவற்றில் கடிதங்கள், கணக்குகள், ஆயிரக்கணக்கான கிரெடிட் கார்டு எண்கள். பெரிய இடத்திலும் இதே கதைதான். மார்கன் ஸ்டான்லி என்ற நிதி நிறுவனம் தன் பழைய கம்ப்யூட்டர்களை அப்புறப்படுத்தும் வேலையை, தரவு அழிப்பில் அனுபவமில்லாத ஒரு சாமான் இடம் மாற்றும் நிறுவனத்திடம் கொடுத்தது. வாடிக்கையாளர் விவரங்களோடு டிஸ்க்குகள் ஏலத்துக்குப் போயின. 2022 செப்டம்பரில் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் 3.5 கோடி டாலர் அபராதம் விதித்தது. நம் சங்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்கலாம். பெரிய ஜெராக்ஸ் இயந்திரங்கள் பலவற்றுக்குள்ளும் ஹார்ட் டிஸ்க் உண்டு. வாடகைக்கு எடுத்த ஜெராக்ஸ் இயந்திரத்தை டிஸ்க்கைத் துடைக்காமல் திருப்பிக் கொடுத்ததற்காக ஒரு அமெரிக்க மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் 2013இல் 12 லட்சம் டாலருக்கு மேல் கட்ட வேண்டி வந்தது.

அழிக்கும் முன் செய்ய வேண்டியது

அவசரப்பட்டு அழித்துவிடவும் கூடாது. ஜி.எஸ்.டி. பதிவு உள்ள நம்மவர்கள் கணக்குகளையும் ஆவணங்களையும், அந்த வருடத்து ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டத்தின் 36ஆம் பிரிவு. உதாரணமாக 2023-24க்குக் கடைசித் தேதி 2024 டிசம்பர் 31. அந்த வருடத்துக் கணக்கு 2030 டிசம்பர் 31 வரை கையில் இருந்தாக வேண்டும். மேல்முறையீடோ விசாரணையோ நடக்கிறது என்றால் அது முடிந்து ஒரு வருடம் வரையிலும் வைத்திருக்க வேண்டி வரலாம். "லேப்டாப் உடைந்துவிட்டது ஐயா" என்று அதிகாரியிடம் சொல்வது பதில் ஆகாது. வருமான வரிக்கு எத்தனை வருடம் என்பதை உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆகவே முதல் வேலை பிரதி எடுப்பது. டேலி வைத்திருப்பவர்களின் கணக்கு பெரும்பாலும் சி டிரைவில் "யூசர்ஸ்", அதற்குள் "பப்ளிக்", அதற்குள் டேலி பெயரில் உள்ள ஃபோல்டரில் "டேட்டா" என்ற இடத்தில் இருக்கும். சிலர் டி டிரைவில் வைத்திருப்பார்கள். அந்த ஃபோல்டரை முழுவதுமாக வேறொரு டிஸ்க்குக்கு எடுத்து, புதிய கம்ப்யூட்டரில் திறந்து, கடைசி நாள் இருப்பு சரியாக வருகிறதா என்று ஒத்துப் பார்த்த பிறகுதான் அடுத்த வேலை. ஒத்துப் பார்க்காத பிரதி பிரதியே அல்ல. எங்கள் பென் டிரைவில் இரண்டு வருடமாக எடுத்துவந்த பிரதி வெறும் குறுக்குவழிப் படமாக இருந்தது என்பதை நாங்கள் இந்தச் சந்தர்ப்பத்தில்தான் கண்டுபிடித்தோம். சொல்ல வெட்கமாக இருந்தாலும் மற்றவர்களுக்கு உதவும் என்று சொல்கிறோம்.

டேலி லைசென்ஸ் அந்தப் பழைய லேப்டாப்பில் உயிரோடு இருக்கும். டேலிக்குள் இருந்தே அதைச் "சரண்டர்" செய்துவிட்டால், புதிய கம்ப்யூட்டரில் அதே லைசென்ஸைப் போடலாம். மறந்து அழித்துவிட்டால் சேவை மையத்தார் பின்னால் அலைய வேண்டும்.

லேப்டாப்பைத் தொடாமலேயே, கையில் உள்ள போனில் இருந்து செய்யக்கூடியவையும் உண்டு. இன்றே செய்துவிடலாம். வாட்ஸ்அப்பில் "லிங்க்டு டிவைசஸ்" என்ற இடத்துக்குப் போய்ப் பழைய லேப்டாப்பை வெளியேற்றுங்கள். கூகுள் கணக்கில் உங்கள் சாதனங்கள் என்ற பட்டியலில் அதை நீக்குங்கள். வங்கி, ஜி.எஸ்.டி., ஈமெயில் பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். கடையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்கள் அனேகமாக எல்லோரும் பாஸ்வேர்டை பிரவுசரிலேயே சேமித்து வைக்கிறோம். அது சௌகரியம்தான். லேப்டாப் கைமாறும்போது அந்தச் சௌகரியமும் சேர்ந்து கைமாறுகிறது.

டி.வி.யில் கணக்கைப் பார்ப்பது

திரை மட்டும் போய், மற்றது உயிரோடு இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? சார்ஜரைச் செருகிப் பொத்தானை அமுக்குங்கள். விசிறி ஓடுகிற சத்தம் வரும். ஒரு நிமிடம் கழித்து "கேப்ஸ் லாக்" சாவியைத் தட்டுங்கள். அதன் சின்ன விளக்கு எரிந்து அணைந்தால் உள்ளே ஆள் இருக்கிறார் என்று பொருள். திரை உடையாமல் வெறும் கறுப்பாக இருந்தால், டார்ச் விளக்கைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் போனது பின்விளக்கு மட்டுமே.

இனி வேண்டியது ஒரு எச்.டி.எம்.ஐ. கம்பி. அதற்கென்று கடைக்கு ஓட வேண்டியதில்லை. வீட்டு டி.வி.க்கும் செட்டாப் பாக்ஸுக்கும் நடுவே, தட்டையான முனையோடு ஒரு கம்பி இருந்தால் அதுதான். பாக்ஸ் பக்கத்து முனையைக் கழற்றி லேப்டாப்பின் பக்கவாட்டில் செருகி, டி.வி.யில் எச்.டி.எம்.ஐ. என்ற இடத்துக்கு மாற்றினால் பல லேப்டாப்களில் படம் தானாக வரும். வெறும் பின்னணிப் படம் மட்டும் வந்து ஒன்றும் நகரவில்லை என்றால், உடைந்த திரையைத்தான் அது இன்னும் முதல் திரையாக நினைத்துக்கொண்டிருக்கிறது. விண்டோஸ் சாவியை அமுக்கியபடி "பி" எழுத்தைத் தட்டி, கீழ்நோக்கிய அம்பை ஒருமுறை அமுக்கி, என்டர் தட்டுங்கள். படம் வராவிட்டால் பத்து விநாடி பொறுத்து மறுபடி அதையே செய்யுங்கள். நான்கு நிலைகள் இருப்பதால் ஓரிரு முறையில் சரியான இடம் வந்துவிடும். மிகப் பழைய லேப்டாப்பில் எச்.டி.எம்.ஐ. இருக்காது. பதினைந்து துளை கொண்ட நீல வி.ஜி.ஏ. வாய் இருக்கும். அதற்குப் பழைய மானிட்டர் ஒன்றைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. இந்த வேலையைக் கடை டி.வி.யில் வைத்துக்கொள்ளாதீர்கள். நாங்கள் கடையில் செருகியதும், முப்பத்திரண்டு அங்குல அகலத்தில் நிலுவைப் பட்டியல் வந்து நின்றது. வாசலில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் இருவர் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு வீட்டுக்குக் கொண்டுபோய், சாப்பாட்டுக்கு மேல் வைத்துக்கொண்டோம்.

படம் வந்து, பிரதி எடுத்து ஒத்துப் பார்த்த பிறகு, அழிப்பதற்கு விண்டோஸிலேயே வழி இருக்கிறது. செட்டிங்ஸில் "ரெகவரி" என்ற பகுதியில் "ரீசெட் திஸ் பிசி" என்று இருக்கும். அதில் "ரிமூவ் எவ்ரிதிங்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். அத்தோடு பலர் நின்றுவிடுகிறார்கள். அதற்கு அடுத்து "சேஞ்ச் செட்டிங்ஸ்" என்று சிறிய எழுத்தில் ஒன்று வரும். அதைத் தட்டி "கிளீன் டேட்டா" என்பதற்கு ஆம் என்று கொடுத்தால்தான் பக்கங்களின் மேல் எழுதும் வேலை நடக்கும். இல்லாவிட்டால் முன்பக்கக் குறிப்பைக் கிழித்த கதைதான். இதற்குப் பல மணி நேரம் ஆகலாம். சார்ஜர் செருகியே இருக்க வேண்டும். மழைக் காலத்தில் கரண்டு போய்ப் போய் வரும் நாளில் ஆரம்பிக்காமல் இருப்பது நல்லது.

டிஸ்க்கைக் கழற்றுவது

லேப்டாப்பில் சத்தமே இல்லை, டி.வி.யிலும் படம் வரவில்லை என்றால் டிஸ்க்கைக் கழற்றிவிடுவதே நேர்வழி. சொல்லப்போனால் திரை மட்டும் போன லேப்டாப்புக்கும் இதுதான் எங்களுக்குப் பிடித்த வழி. கண்ணால் பார்க்கலாம், கையில் பிடிக்கலாம்.

சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரி தனியாக வருகிற வகையானால் அதையும் எடுத்துவிட்டு, லேப்டாப்பைக் கவிழ்த்து சிறிய திருப்புளியால் திருகுகளைக் கழற்றுங்கள். எந்தத் திருகு எங்கிருந்து வந்தது என்று ஒரு தாளில் படம் போட்டு அதன் மேலேயே வைத்துக்கொண்டால் குழப்பம் இல்லை. பழைய லேப்டாப்பில் ஹார்ட் டிஸ்க், சீட்டுக்கட்டைவிட மெல்லிய உலோகத் தகடாக, இரண்டரை அங்குல வகையாக இருக்கும். புதிய வகையில் எம்.2 எனப்படும் எஸ்.எஸ்.டி., 22 மில்லிமீட்டர் அகலமும் பெரும்பாலும் 80 மில்லிமீட்டர் நீளமும் உள்ள பட்டையாக, ஒரே திருகில் நிற்கும். விலை குறைந்த சின்ன லேப்டாப்கள் சிலவற்றில் பெட்டகம் பலகையோடு ஈயம் வைத்து ஒட்டப்பட்டிருக்கும். அதைக் கழற்ற முடியாது. டி.வி. வழிதான்.

கழற்றிய டிஸ்க்கை யு.எஸ்.பி. கேஸ் ஒன்றில் போட்டால் அது பென் டிரைவ் போல வேறு கம்ப்யூட்டரில் திறக்கும். கேஸ் வாங்கும்போது டிஸ்க்கையும் கையில் கொண்டுபோய்க் காட்டி வாங்குங்கள். எம்.2வில் வெளிப்பார்வைக்கு ஒன்றாகத் தெரிகிற இரண்டு ஜாதிகள் உண்டு. ஒன்றின் கேஸ் மற்றதற்கு ஆகாது. செருகியதும் 48 இலக்க எண் ஒன்றைக் கேட்டால் பயப்பட வேண்டாம். அந்த டிஸ்க் பூட்டப்பட்டிருக்கிறது. புதிய விண்டோஸ் லேப்டாப்கள் பலவற்றில் இந்தப் பூட்டு நாம் கேட்காமலேயே விழுந்திருக்கும். சாவி எண் நம் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். பிரதி எடுக்க அந்த எண் வேண்டும். ஏற்கெனவே பிரதி இருக்கிறது என்றால், பூட்டிய டிஸ்க் திருடனுக்கும் திறக்காது என்பது ஒரு நிம்மதி.

பிரதி முடிந்ததும் துடைப்பது. சாதாரண ஹார்ட் டிஸ்க்காக இருந்தால், ஃபார்மட் செய்யும்போது "குவிக்" என்ற கட்டத்தில் உள்ள குறியை எடுத்துவிட்டுச் செய்தால் போதும். விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து இந்த முழு ஃபார்மட், அந்தப் பகுதியின் ஒவ்வொரு பக்கத்திலும் பூஜ்யம் எழுதுகிறது. டிஸ்க்கில் சி, டி என்று பல பகுதிகள் இருந்தால் ஒவ்வொன்றையும் செய்ய வேண்டும். விஷயம் தெரிந்தவர்கள் "டிஸ்க்பார்ட்" என்ற கட்டளையில் "கிளீன் ஆல்" கொடுத்து முழு டிஸ்க்கையும் ஒரே மூச்சில் துடைப்பார்கள். அதில் ஒரு எண் மாற்றிக் கொடுத்தால் புதிய கம்ப்யூட்டரின் டிஸ்க் துடைபட்டுவிடும். ஆகவே பழக்கமில்லாதவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம். 500 ஜி.பி. டிஸ்க்கை யு.எஸ்.பி. 3 வாயில் துடைக்க ஒன்றரை, இரண்டு மணி ஆகும். பழைய யு.எஸ்.பி. 2 வாயில் ஐந்து மணிக்குப் பக்கம். ராத்திரி போட்டுவிட்டுப் படுக்கலாம்.

எத்தனை முறை துடைக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். 1996இல் பீட்டர் குட்மன் என்ற நியூசிலாந்து ஆராய்ச்சியாளர் அந்தக் காலத்து டிஸ்க்குகளை மனதில் வைத்து 35 முறை மேலெழுதும் முறையை எழுதினார். அந்த 35 இன்றும் சிலர் வாயில் இருக்கிறது. இன்றைய ஹார்ட் டிஸ்க்குக்கு ஒரு முறை முழுதாக எழுதினால் போதும் என்பதே அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பின் வழிகாட்டி சொல்வது.

எஸ்.எஸ்.டி. அப்படி அல்ல. அதன் சில்லுகள் சீக்கிரம் தேயாமல் இருக்க, நாம் ஒரே இடத்தில் எழுதுவதாக நினைப்பதை அது உள்ளுக்குள் வேறு வேறு இடங்களில் மாற்றி மாற்றி எழுதும். அதனால் மேலெழுதினாலும் பழைய துண்டுகள் மூலையில் தங்கலாம். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ ஆய்வாளர்கள் 2011இல் இதைச் சோதித்தே காட்டினார்கள். எஸ்.எஸ்.டி.க்கு அதைத் தயாரித்த கம்பெனியே கொடுக்கும் "செக்யூர் எரேஸ்" கட்டளைதான் முறை. சில லேப்டாப்களில் அது பயாஸ் மெனுவிலேயே இருக்கும். கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்பவரிடம் கொடுத்தால், நம் எதிரில் வைத்துச் செய்யச் சொல்ல வேண்டும். விட்டுவிட்டு வரக் கூடாது.

டிஸ்க்கே ஓடவில்லை, துடைக்க வழியில்லை என்றால் உடைக்க வேண்டியதுதான். காந்தத்தைத் தேய்ப்பது, தண்ணீரில் போடுவது என்று ஊரில் சொல்வதெல்லாம் பயனில்லை. எஸ்.எஸ்.டி.க்குக் காந்தம் ஒரு பொருட்டே இல்லை. ஹார்ட் டிஸ்க்கானால் டிரில்லிங் மெஷினால் நான்கைந்து இடத்தில் தட்டு வரை துளை போடலாம். லேப்டாப் டிஸ்க்கின் உள்தட்டு பெரும்பாலும் கண்ணாடி. சுக்கலாகத் தெறிக்கும். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டும். எஸ்.எஸ்.டி.யானால் கறுப்புச் சில்லு ஒவ்வொன்றும் உடைய வேண்டும். ஒன்று தப்பினாலும் அதில் உள்ளது தப்பியதுதான். எதுவானாலும் டிஸ்க்கை வெளியே எடுத்துத்தான் துளைக்க வேண்டும். லேப்டாப்போடு சேர்த்துத் துளைத்து, லித்தியம் பேட்டரியில் முனை பட்டால் தீப்பிடிக்கும். காபி மூட்டையும் சணல் சாக்கும் அடுக்கிய கடையில் அது விளையாட்டல்ல.

சட்டமும் மிச்ச உடம்பும்

2023 ஆகஸ்டில் ஒப்புதல் பெற்ற மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பிறருடைய விவரத்தை வைத்திருப்பவர் அதற்குத் தக்க காப்பு செய்ய வேண்டும் என்கிறது. எந்தத் தேவைக்கு வாங்கினோமோ அந்தத் தேவை முடிந்ததும், வேறு சட்டம் வைத்திருக்கச் சொல்லாவிட்டால், அழிக்கவும் வேண்டும். காப்பில் தவறினால் அபராதத்தின் மேல்வரம்பு 250 கோடி ரூபாய். எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம். அது மேல்வரம்பு, தவறின் தன்மையைப் பார்த்தே தொகை முடிவாகும். 2025 நவம்பரில் வெளியான விதிகள் முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் கொடுத்தன. நம்மவர்களுக்குச் சுவையான விஷயம் ஒன்று இதில் உண்டு. இச்சட்டம் மின்னணு வடிவில் உள்ளதற்கு மட்டுமே. காகிதப் பேரேட்டில் எழுதிய கடன் விவரம் இதற்குள் வராது. அதே பக்கத்தைப் படம் பிடித்துக் கம்ப்யூட்டரில் ஏற்றினால் வந்துவிடும்.

டிஸ்க் போன பிறகு மிஞ்சும் லேப்டாப்பை எங்கே போடுவது? சுமார் 2010 வரை வந்த லேப்டாப் திரைகள் பலவற்றின் பின்விளக்கு மெல்லிய குழல் விளக்கு. அதில் சிறிதளவு பாதரசம் உண்டு. பிறகு வந்தவை எல்.இ.டி. விளக்கு, பாதரசம் இல்லை. பழைய வகைத் திரை உடைந்திருந்தால் துடைப்பத்தால் பெருக்கிக் குப்பையில் கொட்டாமல், கனத்த பையில் கட்டித் தனியே வையுங்கள். பேட்டரி தனி. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி இவை பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் போய்ச் சேர வேண்டும். மலையில் ஒவ்வொரு கடையும் தனித்தனியாக இதைச் செய்வது நடக்கிற காரியம் அல்ல. வருடம் ஒருமுறை சங்கத்தில் சேர்த்து வைத்து, ஒரே வண்டியில் கீழே அனுப்பலாம் என்பது எங்கள் யோசனை. அடுத்த கூட்டத்தில் வைக்கிறோம்.

எங்கள் லேப்டாப் அந்தக் குழல் விளக்கு வகை அல்ல. டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு மற்றதை வத்தலக்குண்டில் ஒரு ரிப்பேர் கடையில் கொடுத்தோம். சாவிப் பலகையும் உள்பலகையும் நன்றாக இருக்கிறது என்று 900 ரூபாய் கொடுத்தார். டிஸ்க் ஏன் இல்லை என்று அவர் கேட்கவே இல்லை. துடைத்த டிஸ்க்கைக் கேஸில் போட்டு, புதிய கணக்கின் இரண்டாம் பிரதிக்கு வைத்திருக்கிறோம். வெள்ளிக்கிழமை கடை மூடுமுன் பிரதி எடுத்து, ஒத்துப் பார்த்து, இரும்புப் பெட்டியில் வைப்பது வழக்கமாகிவிட்டது. அன்று கேள்வி கேட்ட விவசாயி அடுத்த வாழைத் தார் வெட்டுக்கு வந்தபோது, டிஸ்க்கை எடுத்துக் காட்டினோம். கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானாண்ணே?" என்றார்.